செல்லக்கண்ணு கம்பெனியின் பி.எஸ்ஸி.

வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆன பிறகும் தன் வேலை என்னவென்று கோதைநாயகிக்குத் தெரியவில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. தீபாவளிக்குப் புடவை வந்தது. தெருவில் நாலு பேர் 'கம்பெனி கெமிஸ்ட்' என்று மரியாதையாகச் சொன்னார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ராத்திரி சமையல் முடிந்து தளிகை உள்ளை அலம்பி விட்டுப் படுக்கும்போது, இன்று என்ன செய்தோம் என்று யோசித்தால் மட்டும் ஒன்றும் அகப்படாது. இதைப் போய் யாரிடம் கேட்பது? கேட்டால் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

அவள் திருவள்ளூர்ப் பெண். அப்பா எம்பார் ஐயங்கார், வீரராகவப் பெருமாள் கோயிலில் பிரபந்தம் சொல்லும் கோஷ்டியில் முதல் ஆள். பாசுரத்தைத் தொடங்கும் உரிமை அவர்கள் வம்சத்துடையது. அவர் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் வாயைத் திறப்பார்கள். அப்படிப்பட்டவர் தன் ஒரே பெண்ணை ரயிலேற்றி மெட்ராஸுக்கு அனுப்பி ரசாயனம் படிக்க வைத்தது ஏன் என்று அந்த மாட வீதியில் யாருக்கும் புரியவில்லை. அவருக்கே புரிந்ததா என்பதும் சந்தேகம்தான். பெண் கேட்டாள், அனுப்பினார், அவ்வளவுதான்.

அறுபத்தாறில் பட்டம் வாங்கினாள். அந்த வீதியில் பி.எஸ்ஸி. படித்த முதல் பெண் அவள்தான். பட்டத்தைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். வெள்ளிக்கிழமை பெருமாளுக்குப் பூச்சாத்தும்போது அம்மா பட்டத்துக்கும் ஒரு துண்டுப் பூ வைத்துவிடுவாள். வேண்டாம் என்று கோதை சொல்லிப் பார்த்தாள். அம்மா கேட்கவில்லை. பக்கத்தில் மாட்டிவிட்டு ஒருத்தருக்கு வைத்து ஒருத்தருக்கு வைக்காமல் இருப்பது நன்றாக இருக்காது என்றாள்.

அதற்கப்புறம் கல்யாணம். மாப்பிள்ளை கிருஷ்ணஸ்வாமி இரண்டு வீதி தள்ளி இருந்தார், மெட்ராஸில் குமாஸ்தா. காலையில் ரயிலேறினால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். பெண்டாட்டி படித்திருக்கிறாளே, சும்மா இருக்கிறாளே என்று அவருக்கு உறுத்தல். இந்த நேரத்தில்தான் ஜெயராஜ் வந்து சேர்ந்தார்.

ஜெயராஜ் ஒரு காலத்தில் மருந்துக் கம்பெனிகளுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கியவர். ஊரார் சரக்கை விற்றது போதும் என்று, காக்களூர் ஏரிக்கு அப்பால் ஒரு ஷெட் போட்டுக் குழந்தைகளுக்கு வயிற்று உப்புசத்துக்குக் கொடுக்கிற கிரைப் வாட்டர் தயாரிக்க ஆரம்பித்தார். பெயர் 'செல்லக்கண்ணு'. அந்தப் பக்கம் அப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் ஷெட்டுகள். அவற்றில் சரக்கு வெளியே போனது இவருடையதில் மட்டும்தான். ஆனால் மருந்து தயாரிக்கிற இடத்தில் ரசாயனம் படித்த ஒருவர் இருக்க வேண்டும், காய்ச்சி இறக்குகிற ஒவ்வொரு பேட்ச்சையும் பார்த்து அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பாட்டில் வெளியே போகலாம் என்று சட்டம். மெட்ராஸிலிருந்து இந்தப் பொட்டலுக்கு எந்த பி.எஸ்ஸி. வருவான்? உள்ளூரிலேயே ஒருத்தி இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, தேங்காய் பழத்தோடு வந்து நின்றார்.

கெட்ட மனிதராக இருந்திருந்தால் கோதைக்கு இத்தனை குழப்பம் வந்திருக்காது. ஜெயராஜ் நல்ல மனிதர். சொன்ன சம்பளத்தைச் சொன்ன தேதியில் கொடுத்தார். அவள் வெளியில் தண்ணீர் குடிக்க மாட்டாள் என்று தெரிந்து, அவள் கூஜாவை வைக்கத் தனியாக ஒரு மரப்பலகை அடித்துக் கொடுத்தார். ஒரே ஒரு விஷயம் மட்டும் கேட்டார். அதிகாரிகள் வந்தால் காட்ட வேண்டும், பட்டம் கம்பெனிச் சுவரில் இருக்க வேண்டும் என்றார். எம்பார் ஐயங்கார் கூடத்துச் சுவரிலிருந்து அதைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தார். அது இருந்த இடத்தில் சுவர் வெளுப்பாகச் சதுரமாகத் தெரிந்தது. அம்மா அங்கே காலண்டரை மாட்டினாள். வெள்ளிக்கிழமைகளில் பழக்க தோஷத்தில் காலண்டருக்குப் பூ வைத்தாள்.

முதல் நாள் போனபோது அவளுக்கென்று ஓர் அறை காட்டினார்கள். வெள்ளை ஓடு பதித்த மேஜை. கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு, வைக்கோல்கூடப் பிரிக்காமல். சொட்டுச் சொட்டாக அளந்து விடுகிற பியூரெட் குழாய் காகிதம் சுற்றியபடி இருந்தது. அமில பாட்டில்கள் அரக்கு முத்திரை உடைக்காமல் வரிசையாக இருந்தன. எல்லாம் வாங்கியிருந்தார், எதையும் யாரும் தொட்டிருக்கவில்லை. அடுத்த கூடத்தில் பூவம்மாள் என்கிற காக்களூர்க்காரி பெரிய அண்டாவில் சர்க்கரையும் சோடா உப்பும் சதகுப்பை எண்ணெயும் விட்டுக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அளவெல்லாம் ஜெயராஜ் சொல்லிக் கொடுத்தது. குவளையால் மொண்டு ஊற்றுவாள். சில நாள் கோபுரமாக, சில நாள் தலைதட்டி.

நான் என்ன செய்ய வேண்டும் என்று கோதை கேட்டாள்.

"நீங்க இருங்கம்மா, அது போதும்" என்றார் ஜெயராஜ். "நீங்க இங்க இருக்கறதே பெரிய வேல."

ஏளனமாகச் சொல்லவில்லை. மனசார, நன்றியோடு சொன்னார். அதனால் அவளுக்கு மேற்கொண்டு கேட்கத் தோன்றவில்லை. வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சாயங்காலம் அன்றைய பேட்ச்சின் அட்டைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள், கையெழுத்துப் போட்டாள். மறுநாளும் அப்படியே.

கடைக்காரர்களோ பாங்குக்காரர்களோ வந்தால் ஜெயராஜ் அவர்களை முதலில் இந்த அறைக்குத்தான் அழைத்து வருவார். "நம்ம கெமிஸ்ட்டம்மா, மெட்ராஸ் யுனிவர்சிட்டி" என்பார். வந்தவர்கள் சுவரில் பட்டத்தைப் பார்ப்பார்கள், அவளைப் பார்ப்பார்கள், மறுபடி பட்டத்தைப் பார்ப்பார்கள். அவள் எழுந்து நிற்பாள். வெறுங்கையோடு நிற்கக் கூச்சமாக இருக்கிறதென்று, ஒரு சோதனைக் குழாயில் தண்ணீர் விட்டு பர்மாங்கனேட் துணுக்கு ஒன்றைப் போட்டு வைத்திருந்தாள். ஆள் அரவம் கேட்டால் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பாள். நல்ல ஊதா நிறம். பார்த்தவர்களுக்குப் பரம திருப்தி. இந்த யோசனையை ஜெயராஜ் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாகக் கண்டுபிடித்ததுதான். நினைத்தால் அவளுக்கே வெட்கமாக இருக்கும்.

தாங்க முடியாமல் ஒரு நாள் அப்பாவிடம் கேட்டுவிட்டாள். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறேன், சம்பளம் கொடுக்கிறார்கள், இது சரிதானா என்று.

எம்பார் ஐயங்காருக்குத் தொண்டை போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. ஏதோ கட்டி வந்து, அறுத்து எடுத்து, அதன்பின் குரல் காற்றாகத்தான் வரும். ஆனாலும் கோஷ்டியில் அவர் இடம் அவருடையதே. முதல் சொல்லை உதட்டால் அசைப்பார். பக்கத்தில் நிற்பவர் அதைப் பார்த்து உரக்க எடுப்பார். தீர்த்தமும் சடாரியும் முதலில் அவருக்குத்தான். அவர் வராமல் புறப்பாடு கிளம்பாது. அவர் தொண்டை போன புதிதில், சின்ன வயசில் கோதை அதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். அப்பாவுக்கு அன்று ஜுரம். ஸ்நானம் பண்ணிவிட்டு வர நேரமாகிவிட்டது. பல்லக்கைத் தோளில் தூக்கியவர்கள் அப்படியே வாசலில் நின்றார்கள். தோள் மாற்றிக்கொண்டார்கள், கால் மாற்றிக்கொண்டார்கள், ஆனால் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. தெருவே நின்றது. அப்பா மெள்ள நடந்து வந்து முன்னால் நின்று உதட்டை அசைத்த பிறகுதான் பெருமாள் நகர்ந்தார்.

அப்படிப்பட்டவருக்கு மகளின் கேள்வி விளங்கவே இல்லை.

"நான் மட்டும் என்னடி பண்றேன்?" என்றார், காற்றுக் குரலில். "கோஷ்டியிலே நிக்கறேன். நிக்க வேண்டியவன் நிக்கணும், அதான் கைங்கர்யம். நீ படிச்சிருக்கே, உனக்கு அங்கே நிக்கற பாத்யதை இருக்கு. நில்லு."

அவளுக்கு அது சரி என்று பட்டது. வேறு யாருக்காவது இந்தப் பதில் சரி என்று பட்டிருக்குமா, தெரியாது. கோயில் வீட்டில் பிறந்து, நிற்பதே உத்தியோகம் என்று பார்த்து வளர்ந்த பெண்ணுக்குத்தான் அப்படிப் படும். தராசு வைக்கோலிலேயே இருந்தது. அட்டைகளில் கையெழுத்து விழுந்துகொண்டே இருந்தது. குழப்பம் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. கூஜாவுக்கு அடியில் ஈரம் மாதிரி அது பாட்டுக்கு அங்கேயே இருந்தது.

எழுபத்துநாலில் மெஹர்னிசாவிடமிருந்து அழைப்பு வந்தது. மெஹர்னிசா பழவேற்காட்டுப் பெண், கல்லூரியில் கோதையின் ஆய்வுக்கூடக் கூட்டாளி. மூன்று வருஷமும் இருவருக்கும் ஒரே பியூரெட். கோதை குழாயைத் திறப்பாள், மெஹர்னிசா நிறம் பார்ப்பாள். இப்போது அவள் அதே கல்லூரியில் ஆசிரியை. பழைய மாணவியர் தினம் வருகிறது, வெளியே போய்ப் பெரிதாக வந்தவர்களைக் கூப்பிட்டு இப்போது படிக்கிற பெண்களுக்கு முன்னால் பேச வைக்கப் போகிறோம், உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன், வந்துதான் ஆக வேண்டும் என்று எழுதியிருந்தாள். நம் வகுப்பில் தொழிற்சாலையில் கெமிஸ்ட்டாகப் போனவள் நீ ஒருத்திதான் என்றும் சொல்லியிருந்தாள்.

கோதை கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். போய் என்ன சொல்வது? கிருஷ்ணஸ்வாமிக்கோ தலைகால் புரியவில்லை. ஆபீசிலிருந்து வெள்ளைத்தாள் கொண்டுவந்து இரண்டு பக்கத்துக்கு இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். தேசத்தின் முன்னேற்றம், தொழில் வளர்ச்சி, பாரதப் பெண்மை எல்லாம் அதில் இருந்தது. கிரைப் வாட்டர் மட்டும் இல்லை.

"இதுல நான் எங்கேன்னா இருக்கேன்?" என்று கேட்டாள்.

நீ பேசும்போது அதில் வந்துவிடுவாய் என்றார் அவர்.

அன்று கல்லூரி மண்டபம் நிறைந்திருந்தது. முதலில் வைஜயந்தி பேசினாள். பம்பாயில் ஆராய்ச்சி செய்கிறாள், டாக்டர் பட்டம் வாங்கிவிட்டாள். இரண்டு வருஷமாக ஒரு சோதனை தோற்றுக்கொண்டே வந்ததையும், எங்கே தப்பு என்று தெரியாமல் அழுததையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். கோதைக்கு அதைக் கேட்கப் பொறாமையாக இருந்தது. அவள் பட்டத்தைப் பார்த்துப் பொறாமை இல்லை. தோற்பதற்கு அவளுக்கு ஏதோ ஒன்று இருக்கிறதே என்று பொறாமை.

இவள் முறை வந்தது. தாளைப் பிரித்தாள். முதல் வரி வாசிப்பதற்குள் முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, கேள்வி கேட்கலாமா என்றாள். கேட்கலாம் என்றார்கள். காலையில் கம்பெனிக்குப் போனதும் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். ஒல்லியான பெண், கையில் குறிப்பு எடுக்கப் பேனாவோடு நின்றாள்.

கோதைக்குப் பொய் வரவில்லை. வந்திருந்தால் சொல்லியிருப்பாள், அவள் ஒன்றும் அரிச்சந்திரன் வீட்டு மருமகள் இல்லை. அந்த நிமிஷத்தில் ஒன்றும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"கோட்டை மாட்டிப்பேன்" என்றாள். "அப்புறம் உக்காந்திருப்பேன். யாராவது வந்தா எழுந்து நிப்பேன். சாயங்காலம் கையெழுத்துப் போட்டுட்டு ஆத்துக்கு வந்துடுவேன்."

மண்டபம் குலுங்கச் சிரித்தது. பின் வரிசையில் கைதட்டினார்கள். ஊதா நிறத் தண்ணீரைப் பற்றிச் சொன்னாள், இன்னும் சிரித்தார்கள். சொல்லச் சொல்லச் சிரிப்பு. தலைமை தாங்கிய அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, நிறைகுடம் என்றால் இதுதான், தன் வேலையைப் பற்றி இவ்வளவு அடக்கமாகவும் நகைச்சுவையாகவும் பேச எத்தனை பேருக்கு வரும் என்று பாராட்டி, ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழைக் கொடுத்தார். அந்த ஒல்லிப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்லிப் பரிசு வாங்கியவள் உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று கோதைக்குத் தோன்றியது. சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

வாசலில் மெஹர்னிசா கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சிரித்திருக்கவில்லை.

"நெசமாத்தான் சொன்னியா கோதை?"

கோதை தலையாட்டினாள்.

"அப்ப அந்த மருந்த யாரு பாக்குறா?"

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள். ஆவடி, திருநின்றவூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக வந்தது, போனது. யார் பார்க்கிறார்கள் என்று அவளும் யோசித்துக்கொண்டே வந்தாள். பூவம்மாள் காய்ச்சுகிறாள். ஜெயராஜ் விற்கிறார். ஜெயராஜைக் கேட்டால் கெமிஸ்ட் அம்மா பார்க்கிறார்கள் என்பார். பிறந்த வீட்டுக்கு வந்ததும் அம்மா குங்குமச் சிமிழை வாங்கிக் காலண்டருக்குக் கீழே வைத்தாள். அப்பா பார்த்துவிட்டுச் சந்தோஷத்தில் ஏதோ சொன்னார், குரல் எழும்பவில்லை.

அடுத்து வந்தது தை அமாவாசை. அமாவாசைக்குத் திருவள்ளூரில் கால் வைக்க இடம் இருக்காது. முதல் நாளே வந்து குளத்தைச் சுற்றிப் படுத்துக்கொள்வார்கள். நோய்நொடி கரைய வேண்டும் என்று குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். கோதையும் விடிந்ததும் குளக்கரைக்குப் போனாள். அவளுக்கு வேண்டுதல் ஒன்றும் இல்லை, பழக்கம்.

படியில் ஒரு கிராமத்துப் பெண், கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். பொன்னேரிப் பக்கமாம். பிள்ளை ராத்திரி முழுக்க வீறிட்டு அழுததாம். வெல்லம் கரைத்தாகிவிட்டது, இனி மருந்தும் கொடுத்துவிடலாம் என்று மடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். செல்லக்கண்ணு.

கோதையின் மூக்குக்கண்ணாடியையும் கைக்கடிகாரத்தையும் பார்த்து, படித்தவள் என்று எடை போட்டிருக்க வேண்டும். பாட்டிலை நீட்டினாள்.

"யக்கா, எத்தினி ஸ்பூன் குடுக்கணும்னு போட்டுக்குது, பாத்துச் சொல்லேன். ரெண்டு மாசப் புள்ள."

கோதை லேபிளைப் படித்தாள். அரை ஸ்பூன் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, பட்டம் பெற்ற கெமிஸ்ட்டால் பரிசோதிக்கப்பட்டது என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி. மூன்று வருஷமாக அந்தக் கம்பெனியில் இருக்கிறாள், லேபிளை முழுசாகப் படிப்பது அன்றுதான்.

அரை ஸ்பூன் என்றாள். பிறகு, குழந்தைக்கு இது ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஒரு பாட்லு குட்த்தா கப்புனு நிக்குது, ஒரு பாட்லு குட்த்தா கக்கிக்கினே கீது" என்றாள் அந்தப் பெண். "புள்ளைக்கு தான் இன்னாமோ கோளாறு. மருந்து நல்ல மருந்துக்கா. படிச்சவங்க பாத்து அனுப்பறாங்களாம், கடக்காரு சொன்னாரு."

குழந்தை ஸ்பூனைச் சப்பியது. கோதை கையிலிருந்த வெல்லத்தைக் கரைக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மறுநாள் காலை கம்பெனிக்குப் போனதும் தராசுப் பெட்டியைத் திறந்து வைக்கோலைப் பிடுங்கிப் போட்டாள். பியூரெட்டின் காகிதத்தை உரித்தாள். அரக்கை உடைத்தாள். பூவம்மாள் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்துவிட்டு, யாராவது பெரிய அதிகாரி வருகிறாரா என்று கேட்டாள். யாரும் வரவில்லை என்றதும் அவளுக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது.

அன்று வெளியே போக வேண்டிய பேட்ச்சிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். சோடா உப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது பெரிய வித்தை இல்லை. முதல் வருஷப் பெண்கள் செய்கிற சோதனை. மருந்தில் நிறம் காட்டும் சொட்டு விட்டால் மஞ்சளாகும். மேலே பியூரெட்டிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்து, மஞ்சள் ஆரஞ்சாகத் திரும்பும் இடத்தில் நிறுத்த வேண்டும். அவ்வளவே. ஆனால் நிறம் பார்ப்பது எப்போதும் மெஹர்னிசாவின் வேலை. இது மஞ்சளா, ஆரஞ்சா, ஆரஞ்சு போன மஞ்சளா என்று கோதைக்குக் கண் கட்டியது. முதல் தடவை உப்பு குறைவு என்று வந்தது. மறுபடி செய்தாள், ரொம்ப அதிகம் என்று வந்தது. இன்னொரு தடவை செய்தாள், இரண்டும் இல்லாமல் நடுவில் வந்தது. பூவம்மாளின் குவளையில் தப்பா, வருஷக்கணக்காகக் கிடந்த அமிலத்தில் தப்பா, தன் கையில் தப்பா, கண்ணில் தப்பா? எதைச் சந்தேகப்படுவது என்றே தெரியவில்லை. நெற்றி வியர்த்தது. புடவைத் தலைப்பில் அமிலம் பட்டு ஓட்டை விழுந்தது.

வெளியே லாரி வந்து நின்றது. நெல்லூர் வியாபாரிக்குச் சரக்கு. டிரைவர் சின்னராசு பெட்டிகளை ஏற்றிக் கயிறு கட்டிவிட்டு, அட்டைக்காகக் காத்திருந்தான். கையெழுத்து இல்லாமல் எல்லைச் சாவடியில் விடமாட்டார்கள். வழக்கமாக அட்டை உள்ளே போன வேகத்தில் வெளியே வந்துவிடும். இன்று வரவில்லை. ஜெயராஜே உள்ளே வந்தார். மேஜையைப் பார்த்துத் திகைத்துப் போனார். இத்தனை சாமானும் தன்னிடம் இருப்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது மாதிரி இருந்தது.

"இன்னாம்மா, சரக்குல இன்னா கொறை?"

"தெரியலை."

"கொறை இல்லன்னா போடுங்கம்மா. வண்டி நிக்குது."

"இல்லைன்னும் தெரியலையே. தெரிஞ்சுக்கத்தானே என்னை வச்சிருக்கேள்?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கோபம் வருவதற்கு முன்னால் அவருக்குக் குழப்பம் வந்திருந்தது. மூன்று வருஷமாக வாய் திறக்காத பெண். நெல்லூர்க்காரன் இன்று சரக்கு வராவிட்டால் வேறு கம்பெனிக்குப் போய்விடுவான் என்று விளக்கினார். கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகளுக்கு அரசாங்கம் மனை கொடுக்கப் போகிறது, அங்கே பெரிதாகக் கட்டும்போது அவளுக்கு இதைவிடப் பெரிய அறை தருவதாகச் சொன்னார். அவள் தலைப்பில் விழுந்த ஓட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கடைசியில் அவருக்குக் கோபமும் வந்தது.

"ஊர்ல வேற பி.எஸ்ஸி. இல்லன்னு நெனச்சிக்கினீங்களா?"

"இருப்பா. வருவா. வந்து கோட்டை மாட்டிண்டு நிப்பா" என்றாள் கோதை. "நானும் அப்படித்தான் நின்னேன். எனக்கு நெறம் பாக்கத் தெரியலை, மறந்து போச்சு. மறுபடி பாக்கறேன். தெரிஞ்சப்புறம்தான் போடுவேன்."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"அதுவும் தெரியலை."

ஜெயராஜ் சுவரில் இருந்த பட்டத்தைப் பார்த்தார். அதைக் கழற்றிக் கொடுத்து அனுப்ப அவருக்கு ஒரு நிமிஷம் போதும். கோதையும் அதைத்தான் எதிர்பார்த்தாள். கழற்றினால் பிறந்த வீட்டுக்குக் கொண்டுபோய், காலண்டரை எடுத்துவிட்டுப் பழைய ஆணியிலேயே மாட்டலாம். அப்பாவிடம் என்ன சொல்வது? நிற்க வேண்டியவள் நிற்கவில்லை என்று சொல்வதா, இன்றுதான் முதல் தடவையாக நின்றேன் என்று சொல்வதா? அவருக்கு இரண்டுமே விளங்காது. அவளுக்கே முழுசாக விளங்கவில்லை. பயமாக இருந்தது.

அவர் எழுந்து வெளியே போனார். சின்னராசுவோடு ஏதோ பேசுவது கேட்டது. லாரி உறுமிக் கிளம்பப் போகிறது என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கையெழுத்தே இல்லாமல் அனுப்பிவிடுவாரோ, அவள் கையெழுத்தை அவரே போட்டுவிடுவாரோ என்றெல்லாம் மனசு ஓடியது. லாரி கிளம்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பூவம்மாள் ஒரு பாத்திரம் நிறைய வெந்நீரோடு உள்ளே வந்தாள். கண்ணாடிச் சாமானெல்லாம் கழுவ முதலாளி கொடுக்கச் சொன்னார் என்றாள்.

கோதை ஒவ்வொன்றாகக் கழுவினாள். பியூரெட்டைச் செங்குத்தாக மாட்டினாள். புது அமிலம் விட்டாள். நிறம் தெரிய வேண்டும் என்று கீழே ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்தாள். மெஹர்னிசா அப்படித்தான் செய்வாள், அது இப்போதுதான் ஞாபகம் வந்தது. குழாயை மெள்ளத் திறந்தாள். மஞ்சள், மஞ்சள், இன்னும் மஞ்சள். சரியாக வருமா வராதா என்று அவளுக்கு இப்போதும் தெரியவில்லை.

ஜன்னலுக்கு வெளியே லாரி பெட்டிகளைச் சுமந்துகொண்டு அசையாமல் நின்றது. சின்னராசு ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றுகொண்டு, எதுக்கு இப்படிப் போட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று பூவம்மாளிடம் அலுத்துக்கொண்டான்.

"இருய்யா" என்றாள் பூவம்மாள். "கெமிஸ்ட் அம்மா இன்னும் பாத்து முடிக்கல."